ஆண்டவருக்கு விட்ட மா

என் கணவர் வரப்பில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, அன்று காலை அந்த வழியாகப் போன யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தை மாதம். காலம் தப்பிப் பெய்த மழை அப்போதுதான் சற்று விட்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தினமும் வேலையைத் தொடங்குமுன் அப்படித்தான் உட்காருவார். ஊருக்கே அது தெரியும். எங்கள் வயலில் பல வருடங்களாக வேலை செய்யும் அம்மாள் புல்லறுக்கப் போகும்போதும் அவரைப் பார்த்திருக்கிறார், புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பும்போதும் பார்த்திருக்கிறார். வெயில் ஏறிய பிறகுதான், இவ்வளவு நேரமா என்று தோன்றி அருகில் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, ஐயா ஜெபம் பண்றாங்கன்னு நெனச்சு சும்மா போயிட்டேம்மா. கூப்புடாம போயிட்டேன்."

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன நடந்தது என்பதை நான்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பத்து மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பத்தும் வரிசையாக, வாய்க்காலிலிருந்து கீழே இறங்கி நீளமாகக் கிடக்கும். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை மாவை நாங்கள் எங்களுடையது என்று சொல்வதில்லை. அது ஆண்டவருடையது. வேலைக்கு வருகிறவர்கள் அதைச் சாமி மா என்பார்கள். எந்தச் சாமி என்று யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தையில்லை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வீடு வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் கோயிலில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் தசமபாகத்தைப் பற்றிப் பேசினார். வருவதில் பத்தில் ஒரு பங்கு ஆண்டவருடையது, அதைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு அவர் தருவதை வைக்க உங்கள் வீட்டில் இடம் போதாது என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு அது சந்தை பேரம் மாதிரி இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாமே என்றும் இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் என் கணவர் என்னை வயலுக்கு அழைத்துப் போனார். தலைமடையைக் காட்டினார்.

"இந்த மாவ ஆண்டவருக்கு விட்டுரலாம்னு இருக்கேன். இதுல வெளையறது பூரா அவருக்கு."

"குடுக்கறதுன்னா கடைசி மாவக் குடுக்கலாங்களே. இதுதானே நமக்கு நல்ல மா?"

"கடைசி மாவுக்குத் தண்ணி வந்தா வரும், வராட்டி போவும். அதக் குடுத்துட்டு குடுத்தேன்னு சொல்லிக்க முடியுமா?"

பிறகு கேட்டேன். "புள்ளைக்காகவா குடுக்கறீங்க?"

அவர் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டே, "அப்படி ஒண்ணும் கேக்கலை. குடுன்னா குடுக்கணும். அவ்ளோதான்" என்றார்.

அவர் கேட்காததை நான் கேட்டுக்கொண்டேன். அந்த வரப்பில் நின்றே கேட்டேன்.

மறு வருடமே மகள் பிறந்தாள். கோயிலில் எல்லோரும் எங்களைக் காட்டிச் சாட்சி சொன்னார்கள். அவரும் சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன். ஆனால் என் சந்தோஷத்துக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. கொடுத்ததனால் வந்தவள் என்றால், கொடுப்பதில் ஒரு குறை வந்தால் என்ன ஆகும்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வயல் இருக்கும் திசையைப் பார்ப்பேன். இந்த வருடம் சரியாகக் கொடுத்தோமா, ஏதாவது வீட்டுக்கு வந்துவிட்டதா என்று மனம் துழாவும்.

ஒருமுறை அவள் சின்னப் பிள்ளையாக அப்பாவோடு வயலுக்குப் போனபோது, அந்த மாவிலிருந்து ஒரு கதிரைப் பறித்து விளையாடிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் அந்த வெயிலில் அவளை இழுத்துக்கொண்டு திரும்ப வயலுக்கு ஓடினேன். கதிரை அங்கேயே போடவைத்தேன். அவள் அழுதாள். அவர் சிரித்தார்.

"ஒரு கதிரு போனா ஆண்டவரு குறைஞ்சு போயிடுவாரா? வெளையாடட்டும் விடு."

அவருக்கு அது அப்படித்தான். கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். நெல் கோயிலுக்குப் போனபின் யாருக்குப் போகிறது, எதற்காகிறது என்று விசாரித்ததே இல்லை. அந்த மாவின் வைக்கோலைக்கூட மாடு வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். அறுவடை மிஷின் வந்த பிறகு, அதை மட்டும் முதலில் தனியாக அறுத்துத் தனியாகக் கொட்டச் சொல்வார். டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். தண்ணீர் தாமதமாக வந்த வருடங்களில், குறுவையே போடாமல் விட்ட வருடங்களில், சம்பாவில் பூச்சி விழுந்த வருடங்களில், எல்லாவற்றிலும் அந்த ஒரு மா போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மோசமான வருடத்தில் நான் கேட்டுவிட்டேன். "ஆசீர்வாதம் ஆசீர்வாதம்னு சொல்றீங்களே, அது எங்கங்க வந்துச்சு?"

"நீ இருக்க. பாப்பா படிக்குது. படுத்தா எனக்குத் தூக்கம் வருது. இன்னும் என்ன வரணும்?"

எனக்குத் தூக்கம் வராது என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அவர் போன அந்தத் தை மாதத்தில் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. மழை பிடித்துக்கொண்டது. முற்றிய பயிர் தண்ணீரில் நின்றால் சாய்ந்துவிடும், சாய்ந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். ஒவ்வொரு மாவுக்கும் ஓரத்து வடிகாலைப் பார்த்து வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் இறங்கும். அதற்குத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். எந்த வேலையையும் தலைமடையில் தொடங்குவதுதான் அவர் வழக்கம். அங்கே வரப்பை நேர்த்தியாக வெட்டிவிட்டார். அடுத்த மாவைத் தொடும் முன் உட்கார்ந்தார். நெஞ்சு வலித்திருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். மண்வெட்டி இரண்டாவது மாவின் வரப்பில் கிடந்ததாம். அந்த வரப்பில் வெட்டு விழவில்லை.

அடக்கத்தன்று சாயங்காலம் மறுபடி மழை. வீட்டில் யாருக்கு வயல் நினைப்பு வரும்? சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மகள் பெங்களூரிலிருந்து வந்து என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். சில நாள் கழித்து வெயில் அடித்தபோதுதான் நாங்கள் இருவரும் வயலுக்குப் போனோம்.

ஒன்பது மாவும் படுத்துக் கிடந்தது. தண்ணீருக்குள் கதிர்கள் ஊறி, வெள்ளையாக முளை விட்டிருந்தன. ஒரு புளித்த வாடை. தலைமடையில் மட்டும் பயிர் ஒரு கதிர்கூடச் சாயாமல் பழுத்து நின்றது.

ஊரில் அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். "சாமி தன்னோடத காப்பாத்திக்கிச்சு பாருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. காரணம் எனக்குத் தெரியும். ஒரு வரப்பு வெட்டப்பட்டது, மற்றவை வெட்டப்படவில்லை. அவ்வளவுதான். ஆனால் ஏன் அந்த வரிசையில்? ஆண்டவர் தன் பங்கு வேலை முடியும்வரை அவரை விட்டுவைத்தார், எங்கள் பங்குக்கு விடவில்லை என்றுதான் மனம் சொல்லியது. அந்த நினைப்பு வந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. நன்றியினால் அல்ல.

அதன் பிறகு அந்த வேலைக்கார அம்மாள் தலைமடைப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "ஐயா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தாண்டுவார். நான் முதலில் கேட்டபோது பதறிவிட்டேன்.

"யாரக் கூப்புடறீங்க?"

"அன்னிக்கு கூப்புடாம போயிட்டேன்ல டீச்சரம்மா. இப்ப கூப்புடாம போனா காலு நகர மாட்டேங்குது."

அவர் கூப்பிட்ட பிறகு ஒரு நிமிடம் எல்லாம் அமைதியாக இருக்கும். அந்த ஒரு நிமிடம் நானும் பதிலுக்காகக் காத்திருப்பேன்.

நெல்லைப் பற்றி மகள்தான் பேச்சை எடுத்தாள். அவள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த வருஷம் அந்த நெல்ல நாமளே வச்சுக்கலாம்."

"அது நம்மளது இல்லடா."

"அப்பா கையால வெளஞ்சதுல அது ஒண்ணுதாம்மா மிச்சம் இருக்கு. மத்ததெல்லாம் முளைச்சுப் போச்சு. அதையும் தூக்கிக் குடுத்துட்டா நமக்குன்னு என்ன இருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா. எனக்கு ஏதாவது ஆயிடும்னுதானே பயப்படற? சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். நான் என்ன, அடகு வச்ச நகையா?"

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள்.

ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "நீங்க எடுத்துக்குங்கம்மா. எங்களுக்கு வேணாம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்ல." நல்ல மனிதர். காப்பியைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவர் இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

மிஷின் வர வேண்டிய நாளுக்கு முன்னால் ஒரு காலை நான் தனியாகப் போய்த் தலைமடை வரப்பில் நின்றேன். அவர் வெட்டிய வழியாகத் தண்ணீர் இன்னும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டேன். நான் வாய்விட்டுக் கூப்பிட்டது எனக்கே பிறகுதான் தெரிந்தது. என்ன செய்யட்டும் என்றுகூடக் கேட்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்கும் அளவுக்கு ஒரு விஷயமாகவே அவர் நினைத்திருக்க மாட்டார்.

நெல்லைக் கொடுத்தேன். விசுவாசத்தில் கொடுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. பயத்தில் பாதி, அவர் செய்ததை நான் மாற்றக்கூடாது என்பதில் பாதி. மகள் தடுக்கவில்லை. மூட்டைகளின் வாயை அவளும் நானும்தான் தைத்தோம். வீட்டில் இருந்தது நீல நூல்தான், அதில் தைத்தோம். அறுப்பின் பண்டிகையன்று கோயில் பீடத்துக்கு முன்னால், வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் கரும்புக்கும் நடுவில் மூட்டைகளை அடுக்கினார்கள். பாட்டுப் பாடினார்கள். நான் வாயசைத்தேன். மகள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

பண்டிகை முடிந்த வாரத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கிறவர் ஒரு மூட்டையைச் சின்ன லோடு ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"என்னங்க இது?"

அவர் தலையைச் சொறிந்தார். "பாஸ்டர் ஐயா அனுப்பினாங்க. வருஷா வருஷம் பண்டிகைக்கு வர நெல்லு, சபையில இருக்கற… துணை இல்லாதவங்களுக்குத்தான் போவும். ஆளுக்கு ஒரு மூட்டை. இந்த வருஷத்துலேர்ந்து நீங்களும்…"

முடிக்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

மூட்டையின் வாயில் எங்கள் நீல நூல்.

மகள் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். "அப்பா குடுத்தது திரும்பி வந்துருச்சு" என்றாள். பிறகு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடங்களாக அந்த நெல் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தேன். எங்கள் வீட்டைப் போல ஆகிப்போன வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றாக எங்கள் வீடும் ஆகும்வரை எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. வாசலில் இருப்பது ஆசீர்வாதமா, பரிகாசமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

சில நாள் அந்த மூட்டை கூடத்திலேயே கிடந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தோம். கடைசியில் மகள்தான் நூலைப் பிரித்தாள். ஊறவைத்து, அவித்து, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வந்தாள். முதல் நாள் சோறு வடித்து, வெறும் ரசம் வைத்துச் சாப்பிட்டோம். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மாவின் சோறு அன்றைக்குத்தான் என் வாயில் பட்டது. மற்ற ஒன்பது மாவின் சோறு போலத்தான் இருந்தது. பெங்களூருக்குத் திரும்பும்போது அவள் ஒரு பை அரிசியை எடுத்துக்கொண்டாள். அவள் போன பிறகு, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தினமும் போன் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சம்பாவுக்கு ஒன்பது மாவை அந்த வேலைக்கார அம்மாளின் குடும்பத்துக்கே குத்தகைக்கு விட்டேன். தலைமடையை நானே கூலி கொடுத்துச் செய்தேன். கோயிலுக்கும் கொடுத்தேன். அந்த வருடமும் ஒரு மூட்டை வீட்டுக்கு வந்தது. தனி ஆளுக்கு அவ்வளவு எதற்கு? மூட்டை போகும் மற்றொரு வீடு திருவிடைமருதூர் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரைத்த அரிசியில் பாதியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

சின்ன ஓட்டு வீடு. என்னைவிட மூத்தவர், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் போய் வெகுகாலம் ஆகிறதாம். முழங்கால் வலியால் பஸ் ஏறிக் கோயிலுக்கு வந்தும் பல வருடமாம். நானும் அதே சபைதான், எனக்கும் மூட்டை வருகிறது என்று மட்டும் சொன்னேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எனக்கு வருஷக்கணக்கா வருதும்மா. யாரு குடுக்கறாங்கன்னு தெரியாது. குத்தாலத்துப் பக்கம் ஒருத்தர், ஒரு புள்ள இருக்குன்னு மட்டும் மொதல்ல இருந்த பாஸ்டர் சொன்னாரு. அதனால தெனம் காலைல அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்ணுவேன். நோய் நொடி இல்லாம அது நல்லாருக்கணும்னு."

நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை காய்ச்சல்கள், எத்தனை நாள் நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலைகளிலெல்லாம் இந்த வீட்டில் ஒருவர் என் மகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"குடுக்கறவருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"அவருக்குன்னு தனியா கேக்கத் தோணலைம்மா. குடுக்கற எடத்துல இருக்கறவரு, அவருக்கு என்ன கொறச்சல்னு விட்டுட்டேன்." பிறகு என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "நீங்க சொல்றதும் சரிதான். இனிமே அவருக்கும் சேத்துக் கேக்கறேன். அவருக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு கேக்கறேன். என்னம்மா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் அவ்வளவு வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்க" என்றேன்.

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்குப் பின்பும் அரிசி கொண்டுபோகிறேன், பேசிக்கொண்டிருக்கிறோம். நான் யார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. என் கணவர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறது.